எஸ்போசித்தோ: தாய் வைக்காத பெயர்

நான் வேலை செய்கிற வீட்டின் கீழ்வாசலில் 18 அழைப்புமணிப் பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் எஸ்போசித்தோ என்று எழுதியிருக்கிறது. முதல் நாள் நான் கொண்டுவந்த துண்டுச்சீட்டில் "எஸ்போசித்தோ, மூன்றாம் மாடி" என்று மட்டும்தான் இருந்தது. மூன்றாம் மாடியிலேயே இரண்டு எஸ்போசித்தோ. ஒன்றை அழுத்தினேன். கதவைத் திறந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மற்ற எஸ்போசித்தோ" என்று எதிர்க்கதவைக் கையால் காட்டினார்.

சில நாட்கள் கழித்து, நான் கவனித்துக்கொள்கிற முதிய அம்மாவிடம் (சிஞோரா என்றுதான் கூப்பிடுவேன்) கேட்டேன், எதிர்வீட்டுக்காரர் உங்களுக்குச் சொந்தமா என்று. "சொந்தமா? ஒருநாளும் இல்லை. இந்த நகரத்தில் ஒரே பெயர் இருந்தால் சொந்தம் இல்லை என்றுதான் அர்த்தம்" என்றார். அது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

இது நாப்போலி. தமிழில் பலரும் நேப்பிள்ஸ் என்று எழுதுவது. நான் இருப்பது சனித்தா என்ற பழைய குடியிருப்பில். சிஞோராவுக்கு 88 வயது. பகலும் இரவும் அவரோடுதான் இருக்கிறேன். இத்தாலியின் மற்ற ஊர்களில் பெரியவர்களோடு மரியாதையாகப் பேச 'லெய்' என்பார்கள். இங்கே பழைய ஆட்களுக்கு இன்னும் 'வோய்'. பன்மையையே மரியாதையாக்கிக்கொள்கிற வழக்கம், நம்முடைய 'நீங்கள்' போல. அதனால் அந்தச் சொல் முதல் வாரத்திலேயே என் வாயில் சரளமாக வந்துவிட்டது. அவர் என்னை 'பிச்செரெல்லா' என்பார், சின்னப்பிள்ளை என்று. எனக்கு 46 வயது.

பெயர்ப் பேச்சு உண்மையில் ஒரு படிவத்தில்தான் தொடங்கியது. இத்தாலியில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதலில் கேட்பது 'கொஞோமே', அதாவது குடும்பப்பெயர். எனக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பாவின் பெயர்தான் உண்டு. கடவுச்சீட்டில் அது அந்த இடத்தில் இருந்ததால் இந்த நாட்டுக்கு அதுவே என் கொஞோமே ஆகிவிட்டது. சிஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நீளப் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தார். "இது யார்?" என்றார். "என் அப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "உன் பெயரில் ஒரு மனிதர் இருக்கிறார். என் பெயரில் ஒருவரும் இல்லை."

அதற்குப் பிறகுதான் நான் தேடத் தொடங்கினேன்.

எஸ்போசித்தோ என்பது லத்தீன் சொல்லான 'எக்ஸ்போசிதுஸ்' என்பதிலிருந்து வந்தது. வெளியே வைக்கப்பட்டவர் என்று பொருள். பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகளுக்கு வைத்த பெயர். 'போனெரே' என்றால் வைத்தல், 'எக்ஸ்' என்றால் வெளியே. நாம் வங்கியில் போடுகிற டெபாசிட் இதே வேரில் வந்ததுதான். அது கீழே, பத்திரமாக வைத்தது. இது வெளியே வைத்தது. இன்றைய இத்தாலிய மொழியில் இந்தச் சொல் தேய்ந்து 'எஸ்போஸ்தோ' ஆகிவிட்டது. கண்காட்சியில் வைத்த ஓவியத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் குடும்பப்பெயரில் மட்டும் பழைய லத்தீன் வடிவம் தேயாமல் நிற்கிறது. அந்தக் குழந்தைகளின் பெயரை ஏட்டில் எழுதியவர்கள் லத்தீன் படித்தவர்கள். அவர்கள் எழுதியது அப்படியே உறைந்துவிட்டது.

அழுத்தம் 'போ' மேலே. எஸ்-போ-சித்தோ. நாப்போலிக்காரர்கள் கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடுவதால் காதில் 'எஸ்போசித்' என்றுதான் விழும். கடல் தாண்டினால் அழுத்தம் இடம் மாறிவிடுகிறது. அமெரிக்க நடிகர் ஜான்கார்லோ எஸ்போசித்தோவின் தகப்பன் நாப்போலிக்காரர்தான். கனடாவில் பிறந்து ஐஸ் ஹாக்கியில் புகழ்பெற்ற ஃபில், டோனி சகோதரர்களின் பெயரும் இதுவே. அங்கெல்லாம் 'எஸ்போசீட்டோ' என்று இழுத்துச் சொல்கிறார்கள். சிஞோரா தொலைக்காட்சியில் அப்படிக் கேட்டால் உடனே திருத்துவார், தொலைக்காட்சிக்குக் கேட்கும் என்பது போல.

குழந்தையை வெளியே எங்கே வைத்தார்கள்? அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஓய்வு நாளில், நடந்தே போனேன். சான் ஜென்னாரோ வாசலைத் தாண்டி, துவோமோ வீதியில் இறங்கி, ஃபோர்செல்லாவுக்குள் நுழைந்தால் அனுன்சியாத்தா. மாதாவுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்னதன் பெயரால் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த தரும நிலையம் அது. தேவாலயம் 1757-இல் தீப்பிடித்து எரிந்தது. கசேர்த்தா அரண்மனையைக் கட்டிய லுயிஜி வான்வித்தெல்லிதான் அதைத் திரும்ப எழுப்பத் தொடங்கினார். மகன் கார்லோ முடித்தார். தேவாலயம் வெள்ளையும் வெளிச்சமுமாக இருக்கிறது. நான் பார்க்கப் போனது அதை இல்லை.

பக்கத்துச் சுவரில், வீதிப் பக்கமாக, ஒரு துளை இருந்த இடம். இப்போது அடைத்திருக்கிறார்கள். அந்தத் துளைக்குள்ளே மரத்தால் செய்த ஓர் உருளை சுற்றும். அதன் பெயர் 'ருவோத்தா', சக்கரம். வீதியில் நிற்பவர் குழந்தையை அதற்குள் வைத்து, சுற்றிவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போய்விடலாம். உள்ளே இருப்பவர் முகத்தை வெளியே இருப்பவர் பார்ப்பதில்லை. வெளியே இருப்பவர் முகத்தை உள்ளே இருப்பவரும் பார்ப்பதில்லை. இரவும் பகலும் உள்ளே ஒரு பெண் காவல் இருப்பாள். உருளை திரும்பியதும் குழந்தையை எடுத்துக் கழுவி, துணி மாற்றி, ஏட்டில் எழுதுவார்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நாள் வயது இருக்கும், என்ன துணி சுற்றியிருந்தது, உடம்பில் என்ன அடையாளம், கூட என்ன இருந்தது.

அந்த 'கூட என்ன இருந்தது' என்பதில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஒரு நாடா. ஒரு மாதா பதக்கத்தில் பாதி. ஒரு சீட்டுக்கட்டின் ஒரே சீட்டு, அதுவும் பாதியாகக் கிழித்தது. மற்றப் பாதி தாயிடம் இருக்கும். காலம் திருந்தினால் அந்தப் பாதியோடு வந்து, இரண்டையும் பொருத்திக் காட்டி, பிள்ளையைத் திருப்பிக் கேட்கலாம் என்ற எண்ணம். ஃபிரென்சேயில், அதாவது புளோரன்ஸில், இன்னொசெந்தி மருத்துவமனையின் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பாதிகளைச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் வைத்திருக்கிறார்கள். புருனெல்லெஸ்கி 1419-இல் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. 1445 பெப்ரவரி 5-ஆம் நாள் அங்கே வந்த முதல் குழந்தைக்கு அகத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். பெப்ரவரி 5 புனித அகத்தாவின் திருநாள். நாள்காட்டி பெயர் கொடுத்தது. அங்கே வளர்ந்தவர்களின் வம்சங்கள் இன்னொசெந்தி, தெல்யின்னொசெந்தி என்று இன்றும் தொஸ்கானாவில் இருக்கின்றன. மாசற்றவர்கள் என்று பொருள். விவிலியத்தில் ஏரோது மன்னன் கொல்வித்த குழந்தைகளை நினைத்து வைத்த பெயர்.

ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு சொல்லைத் தேர்ந்தது. ரோமில் ப்ரொயெத்தி, 'எறியப்பட்டவர்கள்'. எனக்கு இது எல்லாவற்றிலும் கொடிய சொல்லாகப் படுகிறது. ஆனால் ரோம் நகரமே தன் மடியில் வைத்துக் கொண்டாடிய ஜீஜி ப்ரொயெத்தி என்ற நடிகர் 2020-இல் இறந்தபோது அந்தச் சொல் எவருக்கும் எறிந்ததாகக் கேட்டிருக்காது. பொலோஞாவில் தெல்யெஸ்போஸ்தி. வேறு இடங்களில் த்ரொவாத்தோ, 'கண்டெடுத்தவர்'. தியோதாலெவி என்றொரு பெயர் உண்டு: 'கடவுள் உன்னை வளர்க்கட்டும்'. ஏட்டில் எழுதிய அந்தக் கை யாருடையதோ, அதை நான் கும்பிடுவேன்.

மிலானோவில் கொலொம்போ. அங்கே வீட்டு வேலை செய்கிற என் தங்கை முதல் நாள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அக்கா, இந்த வீட்டுக்காரரின் பெயர் கொழும்பு!" ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டலும் ஒன்றேதான். இரண்டுக்கும் தொடர்பில்லை. மிலானோவின் பெரிய மருத்துவமனையின் சின்னம் ஒரு புறா. புறாவுக்கு இத்தாலிய மொழியில் கொலொம்போ. சக்கரத்தில் வந்த பிள்ளைகளுக்குப் புறாவின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு மிலானோ பக்கம் மிகப் பரவலான குடும்பப்பெயர் அதுதான். கொலொம்போ எல்லாரும் அப்படி வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஜெனோவாவின் கிறிஸ்தோஃபரோ கொலொம்போ, நாம் கொலம்பஸ் என்று பள்ளியில் படித்தவர், வேறு வழியில் அந்தப் பெயரைப் பெற்றவர்களில் ஒருவர். எஸ்போசித்தோவுக்கு அப்படி இன்னொரு வழி இல்லை. அந்தப் பெயர் எங்கே நின்றாலும், பின்னால் ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு குழந்தை தனியே படுத்திருக்கிறது.

அதனால்தான் இவ்வளவு பேர். இன்று இத்தாலி முழுவதிலும் மிகப் பரவலான முதல் ஐந்து குடும்பப்பெயர்களில் எஸ்போசித்தோ ஒன்று. நாப்போலியில் முதலிடமே அதற்குத்தான். ரோஸ்ஸி என்றால் சிவந்த நிறத்தார், ஃபெர்ராரி என்றால் கொல்லர். அவை எல்லாம் யாரோ ஒரு மூதாதையைப் பார்த்து ஊரார் கூப்பிட்ட பெயர்கள். எஸ்போசித்தோ மட்டும் ஒரே கட்டடத்தில், ஒரே ஏட்டில், ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதிய பெயர். எதிர்வீட்டுக்காரருக்கும் சிஞோராவுக்கும் பெயர் ஒன்று, இரத்தம் வேறு. சிஞோரா முதல் வாரத்தில் சொன்னது எனக்கு அனுன்சியாத்தா சுவரின் முன்னால்தான் விளங்கியது.

ஆனால் இங்கே அந்தப் பிள்ளைகளை 'மாதாவின் பிள்ளைகள்' என்றுதான் சொல்வார்கள். கேவலமாக அல்ல. தாய் விட்டுப் போனாள், பெரிய தாய் எடுத்துக்கொண்டாள் என்கிற மாதிரி. பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுக்கவும் அந்த வீடு பொறுப்பெடுத்தது. சக்கரத்தில் வைக்க முடியாத அளவுக்கு வளர்ந்த பிள்ளைகளையும் எண்ணெய் பூசி அந்தத் துளைக்குள் தள்ளிவிட்ட கதைகளைச் சிஞோரா தன் பாட்டியிடம் கேட்டிருக்கிறார். மாதாவின் பிள்ளையானால் சாப்பாடு நிச்சயம் என்று. சாப்பாடு கிடைத்ததும் உண்மை, சக்கரத்தில் வந்த குழந்தைகளில் ஏராளமானவை முதல் வருடத்தைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. பால்கொடுக்கத் தாய்மார் போதவில்லை, கிராமங்களுக்கு அனுப்பினார்கள், வழியிலேயே போனவை உண்டு. இன்று அழைப்புமணிகளில் இருப்பவை பிழைத்தவர்களின் பெயர்கள்.

சிஞோராவின் வீட்டில் ஒரு கதை இருந்தது: அவருடைய தாத்தாதான் சக்கரத்தில் வந்தவர் என்று. அப்பா சொன்னதாம். தாத்தா பிறந்தது 1872. அவருக்காகவே சிஞோரா ஒவ்வொரு மார்ச் 25-க்கும், மங்கள வார்த்தைத் திருநாளில், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். கால் நடக்க மறுத்த பிறகு நான் போய் ஏற்றுகிறேன்.

எனக்குக் கணக்கு இடித்தது. சக்கரத்தை மூடியது 1875-இல், அந்த வகையில் சரி. ஆனால் எஸ்போசித்தோ என்ற பெயரைக் கண்டெடுத்த பிள்ளைகளுக்கு வைப்பதை அதற்கு வெகுகாலம் முன்பே தடுத்துவிட்டார்கள். நெப்போலியனின் மைத்துனர் ஜோவாக்கிம் முரா 1808 முதல் 1815 வரை இங்கே அரசராக இருந்தார். பெயரைக் கேட்டவுடனேயே பிறப்பு தெரிந்துவிடக் கூடாது என்று அந்த வழக்கத்தை நிறுத்தியவர் அவர்தான். பிறகு வந்த குழந்தைகளுக்கு எழுத்தர்கள் வெவ்வேறு பெயர்களை யோசித்து வைத்தார்கள். அப்படியானால் 1872-இல் பிறந்த ஒருவர் எஸ்போசித்தோ என்றால், பெரும்பாலும் அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு தகப்பன்.

முரா காலத்திலேயே, 1809-இல், நாப்போலி அரசில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை அரசாங்கமே வைக்கத் தொடங்கியது. இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் அந்தப் பதிவேடுகளைப் படம்பிடித்து 'அந்தெனாத்தி' என்ற தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. மூதாதையர் என்று பொருள். சிஞோரா மத்தியானம் தூங்குகிற நேரங்களில் என் கைபேசியில் 1872-ஐப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பழைய கையெழுத்து, மை ஊறிய தாள். எஸ்போசித்தோக்களுக்கு முடிவே இல்லை. கண்டெடுத்த குழந்தை என்றால் 'பெற்றோர் அறியப்படாதவர்' என்று எழுதியிருப்பார்கள். பதினொரு நாள் தேடி, நாளும் தெருவும் பொருந்திய ஒரு தாளைப் பிடித்தேன். அதில் தகப்பன் பெயர் இருந்தது, எஸ்போசித்தோ. தாயின் பெயரும் குடும்பப்பெயரும் முழுதாக இருந்தன. அந்தத் தாயின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது சிஞோராவுடையது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். "நோன்னோவுக்கு அம்மா இருந்திருக்கிறாள்" என்றார். நோன்னோ என்றால் தாத்தா. "இத்தனை வருடமும் நான் அவரைத் தாய் இல்லாத பிள்ளை என்று அழுதிருக்கிறேன்." சிரித்தார், அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் இருந்து கேட்டார்: "அப்போது வேறு யாரோ ஒரு பிள்ளை. நான் ஒருநாளும் வேண்டிக்கொள்ளாத பிள்ளை. அது எப்போது?"

தாத்தாவின் தாத்தா, அல்லது அவருக்கும் முன்னால். அனுன்சியாத்தாவின் ஏடுகள் 17-ஆம் நூற்றாண்டு தொட்டு இருக்கின்றன. இன்னும் தேடுகிறேன்.

இந்த நாட்டுச் சட்டம் வார்த்தைக்கு எவ்வளவு பயப்படுகிறது என்பதைத் தேடும்போது பார்த்தேன். 2000-ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டத்தில், 34-ஆம் பிரிவில், பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயரோ குடும்பப்பெயரோ வைக்கக் கூடாது என்று இருக்கிறது. சரித்திரப் புகழ்பெற்ற பெயரையும், அந்த ஊரில் பிரபலமான குடும்பத்தின் பெயரையும் வைக்கக் கூடாதாம். முராவின் எண்ணம் இரண்டு நூற்றாண்டு கடந்தும் இருக்கிறது. இதைச் சொன்னபோது சிஞோரா தன் வகுப்பில் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லாத் தாளிலும் தகப்பன் பெயர் எழுத வேண்டும். அவளுக்கு அந்த இடத்தில் 'என். என்.' என்று இருக்கும், பெயர் தெரியாது என்பதன் லத்தீன் சுருக்கம். ஆசிரியை சத்தமாக வாசிப்பார். 1955-இல் ஒரு சட்டம் வந்துதான் அது ஒழிந்தது. "நாங்கள் எஸ்போசித்தோக்கள் வகுப்பில் ஆறு பேர். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. ஆறு பேர் இருந்தால் வெட்கம் இல்லை. அவள் தனி ஆள்" என்றார்.

சிஞோராவின் பிள்ளைகளுக்கு அவருடைய கணவரின் பெயர். இத்தாலியில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பிள்ளைக்குத் தகப்பன் பெயர்தான் தானாகப் போகும். அந்தத் தானாகப் போவது அரசியலமைப்புக்கு மாறானது என்று 2022-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இனி இருவர் பெயரும் சேரும், இருவரும் உடன்பட்டால் ஒன்று மட்டும். எங்கள் சிஞோராவுக்கு இது ஐம்பது வருடம் தாமதம். சகோதரர்களும் இல்லை. சக்கரத்தில் வந்த அந்தப் பிள்ளையிடமிருந்து நேராக இறங்கிய பெயர் இந்த வீட்டில் அவரோடு நிற்கிறது.

போன மாதம் மழையில் கீழ்வாசல் மணியின் தாள் ஊறி எழுத்துக் கரைந்துவிட்டது. கணவரின் பெயர் பெரிதாக மேலே, எஸ்போசித்தோ சிறிதாகக் கீழே இருந்த தாள். புதிதாக எழுதச் சொன்னார். "எஸ்போசித்தோவை மேலே போடு" என்றார். போட்டேன். கணவர் பெயரை இரண்டாவதாக எழுதினேன். பிறகு, உன் பெயர் இல்லாததால்தானே உன் கடிதங்கள் திரும்பிப் போகின்றன, அதையும் எழுது என்றார். மூன்றாவது வரியில் என் அப்பாவின் பெயரை எழுதினேன். தாள் அகலம் போதவில்லை. கடைசி நான்கு எழுத்துகளை நாலாவது வரியில் போட்டு, கண்ணாடித் தட்டை மூடித் திருகாணியை முறுக்கிவிட்டு மேலே ஏறி வந்தேன்.